ஃபோல்ஜர் இணையப் பதிப்பில் ‘மேக்பெத்’: எதற்கு உதவும், எங்கே கைவிடும்

வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகம் ஷேக்ஸ்பியர் நாடகங்களை முழுமையாக இணையத்தில் இலவசமாகத் தருகிறது. திரையில் படிக்கலாம், பிடிஎஃப் கோப்பாக இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். பதிப்பாசிரியர்கள் பார்பரா மோவாட், பால் வெர்ஸ்டைன். ‘மேக்பெத்’தின் மொழியை ஆராய இதைவிட நல்ல இலவசக் கருவி கிடைப்பது அரிது. அருஞ்சொற்பொருள் தேடி வருபவருக்கு மட்டும் ஏமாற்றம்தான்.

இதன் பெரிய பலம் வரி அமைப்பு. இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சியைத் திறந்து பாருங்கள். மன்னன் டங்கனைக் கொன்ற கையோடு மேக்பெத்தும் மனைவியும் ஒற்றைச் சொற்களில் பேசிக்கொள்கிறார்கள். ‘வென்?’ (எப்போது?), ‘நௌ’ (இப்போது) என்று தெறிக்கும் இந்தத் துண்டுகள் சேர்ந்துதான் ஒரு செய்யுள் வரி ஆகின்றன. ஃபோல்ஜர் ஒவ்வொரு துண்டையும் முந்தையது முடிந்த இடத்துக்கு நேர் கீழே தள்ளி அச்சிடுகிறது. பத்து அசை கொண்ட வரியைப் பதற்றம் எப்படி உடைக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். எல்லாவற்றையும் இடது ஓரத்தில் ஒட்டிவைக்கும் பதிப்புகளில் இது காணாமல் போய்விடும். உரைநடைப் பகுதிகளும் அப்படியே பளிச்சென்று தெரியும்: வாயிற்காவலன் பேச்சு (2.3, அதாவது இரண்டாம் அங்கம், மூன்றாம் காட்சி), தூக்கத்தில் நடக்கும் காட்சி (5.1). முதல் அங்கத்தில் கம்பீரமான செய்யுளில் பேசிய லேடி மேக்பெத், ஐந்தாம் அங்கத்தில் சிதறிய உரைநடைக்கு இறங்கிவிடுகிறாள். அவள் வீழ்ச்சியை எழுதும் கட்டுரைக்கு இதைவிட உறுதியான சான்று தேவையில்லை.

பதிப்பாசிரியர் கைவைத்த இடங்களைக் காட்டும் அரை அடைப்புக்குறிகளைத் தாண்டிப் போகாதீர்கள். ‘மேக்பெத்’துக்கு 1623இல் வெளிவந்த நாடகத் தொகுப்பான ஃபோலியோ ஒன்றே மூலம். ஆண்மை பற்றி மேக்பெத் மனைவியிடம் வாதிடும் வரியில் (1.7) ‘ஹூ டேர்ஸ் டூ மோர் இஸ் நன்’ (Who dares do more is none: ஆணுக்குத் தகுந்ததைவிட அதிகம் செய்யத் துணிபவன் ஆணே அல்ல) என்று படிக்கிறோம். ஃபோலியோவில் அந்த ‘டூ’ இருக்கும் இடத்தில் ‘நோ’ (no) இருக்கிறது. நாடகத்தின் மையக் கருப்பொருள் ஒன்று ஒரு திருத்தத்தின் மேல் நிற்கிறது என்பதை அந்தச் சிறு குறி காட்டிக்கொடுக்கிறது.

படிமங்களைத் தொடரத் தேடல் வசதி அருமை. ‘ஃபவுல்’ (foul, அருவருப்பான) என்று தேடினால், சூனியக்காரிகள் முதல் காட்சியில் சொன்ன சொல்லையே மேக்பெத் தன் முதல் வரியில் (1.3) எதிரொலிப்பது உடனே அகப்படும். ‘ரோப்’ (robe, அங்கி) என்று தேடினால் 1.3, 2.4, 5.2 என இரவல் உடை உருவகத்தின் பாதை தெரியும். ஆனால் தேடலை மட்டும் நம்பினால் கருப்பொருள் தப்பிவிடும். எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதும் ‘ஆம்பிஷன்’ நாடகத்தில் விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் வருகிறது. பேராசை அங்கே சொல்லாக அல்ல, உடை, குதிரை, இருள் என்று படிமமாக நடமாடுகிறது. ஒரு சொல்லைத் தேடியபின் அதன் உறவுச் சொற்களையும் தேடுங்கள்: உடைக்கு ‘ட்ரெஸ்’, ‘கார்மென்ட்’ இரண்டும் வேண்டும். சூனியக்காரிகளின் தலைவி ஹெகேட் வரும் காட்சியை (3.5) வைத்துச் சூனியக்காரிகளின் மொழியைப் பொதுமைப்படுத்த வேண்டாம். அதன் சந்தம் வேறு. அது ஷேக்ஸ்பியர் எழுதியதல்ல என்பதே பல ஆய்வாளர்களின் கருத்து.

துன்பியல் மரபுகளுக்கு வந்தால், காட்சிச் சுருக்கங்கள் கதையை மட்டுமே சொல்லும். அமைப்பை நீங்களேதான் குறிக்க வேண்டும். பாங்க்வோவின் மகன் ஃப்ளீயன்ஸ் கொலையாளிகளிடமிருந்து தப்பிப்பது (3.3) திருப்பம், மேக்பெத்தின் எதிரி மக்டஃப் தன் பிறப்பைச் சொல்வது (5.8) நாயகன் உண்மையை உணரும் அறிதல் கணம் என்று ஓரத்தில் எழுதிக்கொண்டால் ஐந்தங்க வடிவம் தெளியும். ‘துன்பியல் குறை’ (நாயகனை வீழ்த்தும் குணக்கேடு) என்று ஒரே சொல்லில் முடிப்பவர்கள் 1.7 தனிமொழியை மறுபடி படிக்கட்டும். கொல்லக் கூடாது என்பதற்கான காரணங்கள் அத்தனையையும் மேக்பெத்தே வரிசையாக அடுக்குகிறான். தெரிந்தே செய்கிறான் என்பதுதான் இந்தத் துன்பியலின் கொடுமை.

இனி குறை. அச்சு நூலில் இடப்பக்கம் முழுக்க வரும் சொற்குறிப்புகள் இணையப் பாடத்தில் இல்லை. கடினமான சொல்லை அகராதியில் பார்த்துக்கொள்வோம். ஆபத்து, பழகிய சொல்லில்தான். குத்துவாள் தனிமொழியில் (2.1) ‘சென்சிபிள்’ (sensible) என்பது ‘விவேகமான’ என்றல்ல, ‘புலனுக்கு எட்டும்’ என்ற பொருளில் வருகிறது. ‘செக்யூரிட்டி’ (3.5) பாதுகாப்பு அல்ல, மிதமிஞ்சிய தன்னம்பிக்கை. இந்த நாடகத்தை முதன்முறை படிப்பவர்கள் அச்சு நூலையே வாங்குங்கள். இணையப் பதிப்பைத் தேடலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்கோள் தரும்போது ஒரு கவனம்: பிடிஎஃப் ஓரத்தில் நாடகம் முழுக்கத் தொடரும் எண்ணும் உண்டு, காட்சிக்குக் காட்சி புதிதாகத் தொடங்கும் வரி எண்ணும் உண்டு. கட்டுரையில் அங்கம், காட்சி, வரி என்ற இரண்டாம் வகையையே எழுதுங்கள். உரைநடைக் காட்சிகளில் வரி எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால் எந்தப் பதிப்பு என்பதையும் குறிப்பிடுங்கள்.