போன்விரேயில் கல்யாணக் கென்டே எடுத்த அனுபவம்

கூட வேலை பார்க்கும் நண்பனுக்குக் கல்யாணம், கானா நாட்டின் அசாந்தே இனத்தவன். பெண்ணுக்கும் தனக்கும் ஒரே டிசைனில் கென்டே (அவர்கள் கைத்தறியில் நெய்யும் வண்ணத் துணி) வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு குமாசியிலிருந்து 18 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நெசவாளர் ஊரான போன்விரே போனான். குமாசி சந்தையிலேயே கிடைக்கிறதே என்று முனகினேன். அங்கே மலிவாகத் தொங்குவதில் பாதி அச்சுத்துணி. திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் வெளுத்திருந்தால் அதுதான். நெய்ததில் நாலு அங்குலத்துக்கு ஒரு தையல் ஓடும். தறியில் வருவதே அந்த அகல நாடாதான், ஆண்கள் போர்த்தும் துணிக்கு சுமார் 24 நாடாவைச் சேர்த்துத் தைக்கிறார்கள்.

தறியைப் பார்க்கவே போகலாம். பாவு நூல் முன்னால் நீண்டு கிடக்கிறது, முனையில் கல் ஏற்றிய பலகை, நெய்ய நெய்ய அது மண்ணை உரசிக்கொண்டு நெசவாளரை நோக்கி நகர்ந்து வருகிறது. கால் விரலிடுக்கில் கயிற்றைப் பிடித்து, பாவு நூலை மேலும் கீழுமாகப் பிரிக்கும் விழுதை இழுக்கிறார்.

நண்பனுக்குப் பிடித்த டிசைனுக்கு முதலில் கானாவின் முதல் அதிபர் என்க்ருமாவின் மனைவி ஃபாத்தியாவின் பெயராம். 1966இல் அவர் ஆட்சியைக் கவிழ்த்ததற்கு அப்புறம் ‘ஒருவரே நாட்டை ஆள்வதில்லை’ என்று மாற்றிவிட்டார்கள். கல்யாணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டான்.

இனி புகார். மூன்று வாரம் என்றார்கள், ஐந்து வாரம் ஆனது, போன் எடுக்கவே மாட்டார்கள், சடங்குக்கு இரண்டு நாள் முன்னால்தான் கைக்கு வந்தது. கடைப் பெயர் வேண்டாம். நீங்கள் இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

சடங்கன்று துணியின் வேலை தெரிந்தது. மாப்பிள்ளை வலது தோளைத் திறந்துவிட்டு இடது தோளில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவன் வாயே திறக்கவில்லை, பேச்செல்லாம் இரு தரப்புப் பேச்சாளர்கள்தான். பெண்ணின் அண்ணன் தம்பிகள் ‘அகொன்டா செகான்’ என்று மைத்துனர் பணம் கேட்டுப் பேரம் பேசி, உறையில் இருந்த பணம் போதவில்லை என்று இரண்டு முறை திருப்பிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த ‘டிரி ன்சா’ மதுவை ஏற்கலாமா என்று பெண்ணிடம் மூன்று முறை கேட்டார்கள், அவள் சம்மதித்த பிறகுதான் பாட்டிலைத் தொட்டார்கள்.

துணிக்கு ஐந்துக்கு ஐந்து. பக்கத்தில் அச்சுத்துணி உடுத்தியிருந்தவர்கள் மங்கலாகத் தெரிந்தார்கள், விலை பல மடங்கு என்றாலும் உறுத்தவில்லை. கடைக்கு இரண்டரைதான். பெண்ணின் துணியில் ஒரு தையல் விட்டுப்போய், மூன்றாவது ‘ஆமாம்’ சொல்லும்போது அவள் அத்தை பின்னால் நின்று ஊக்குக் குத்திக்கொண்டிருந்தாள்.