சுண்டைக்காயும் சுமைகூலியும்: ரெலாவ், பட்டர்வொர்த், நிபோங் தெபால்

அடுத்த ஒப்பந்தத்திலிருந்து வாடகை 1,100 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்று வீட்டுக்காரர் சொன்ன அன்றிரவு, நானும் கணவரும் மகளின் பழைய குறிப்பேட்டை எடுத்து மூன்று பத்தியாகக் கோடு கிழித்தோம். முதல் பத்தியில் பினாங்குத் தீவின் ரெலாவ், அதாவது இப்போதிருக்கும் மூன்றறை அடுக்குமாடி வீடு. இரண்டாவது கடலுக்கு அக்கரையில் உள்ள பட்டர்வொர்த். மூன்றாவது அதே கரையில் தெற்கே உள்ள நிபோங் தெபால். மாமியார் பக்கத்துச் சுங்கை பாக்காப்பில் இருப்பதால், மூன்றாவதை எழுதும்போதே கணவரின் கை சற்று அழுத்தி எழுதியது.

எங்கள் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். கணவர் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் தொழில்நுட்பர். மிகைநேரமும் சேர்த்து 3,400 வெள்ளி. நான் தீவின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன், 2,600. ஏழு வயதில் ஒரு மகள், மூன்று வயதில் ஒரு மகன். கீழே வரும் வாடகை எல்லாம் நாங்கள் நேரில் போய்க் கேட்டு வந்தவை. உங்களுக்குச் சில நூறு கூடலாம், குறையலாம்.

முதலில் பலரும் தப்பாகப் போடும் கணக்கு ஒன்று. சிற்றூர் என்றால் எல்லாமே மலிவு என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. உள்ளூர் வெள்ளை அரிசி பத்துக் கிலோ பைக்கு அரசாங்கம் வைத்த உச்ச விலை 26 வெள்ளி. தீவிலும் அதேதான், நிபோங் தெபாலிலும் அதேதான். பாக்கெட் சமையல் எண்ணெய் எங்கே வாங்கினாலும் 2.50. பெட்ரோல் 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து அடையாள அட்டை காட்டினால் லிட்டர் 1.99, அதற்கும் ஊர்ப் பேதம் கிடையாது. அரசாங்க மருந்தகத்தில் எந்த ஊரிலும் ஒரு வெள்ளிதான் கட்டணம். மளிகைப் பட்டியலை மூன்று ஊரிலும் ஒப்பிட்டுப் பார்த்தபோது மாதத்துக்கு ஐம்பது வெள்ளிகூட மிச்சமாகவில்லை. ஆளின் உழைப்புக்குக் கொடுக்கும் பணம்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது: பிள்ளை பார்ப்பவர், முடி வெட்டுபவர், டியூஷன், சாப்பாட்டுக் கடை. அதற்கும் மேலே வீடு.

தீவின் வாடகை ஒரே நாளில் ஏறியதல்ல. என் தாத்தா குடும்பம் ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்தது. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை, அந்த மாடிக்கு அவர் கொடுத்த வாடகையைச் சொன்னால் இன்று சிரிப்பார்கள். 1997-இல் அந்தச் சட்டத்தை நீக்க முடிவெடுத்து, 1999 இறுதிவரை அவகாசம் கொடுத்தார்கள். 2000 பிறந்ததும் எங்கள் தெருவிலேயே வீட்டுக்கு வீடு சாமான் லாரி நின்றதாக அம்மா சொல்வார். 2008-இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் நகரம் சேர்ந்த பிறகு அந்த மாடிகள் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் ஆயின. நகரத்திலிருந்து கிளம்பியவர்களில் எங்களைப் போன்றோர் ஆயர் ஈத்தாம், ரெலாவ் என்று தீவுக்குள்ளேயே ஒதுங்கினோம். பலர் கடல் தாண்டினார்கள். ஆக, இப்போது நாங்கள் போடுவது இரண்டாம் தலைமுறைக் கணக்கு.

ரெலாவ் பத்தி எளிது. வாடகை 1,100. மகனைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு 600. இருவரும் மோட்டார் சைக்கிள், பஸ் என்று போய்வர 200. மொத்தம் 1,900. வீடு சிறியது, மின்தூக்கி மாதத்தில் நான்கு நாள் நிற்கும். ஆனால் கணவர் ஏழு மணி ஷிப்டுக்கு ஆறரைக்குக் கிளம்பினால் போதும்.

பட்டர்வொர்த்தில் ராஜா ஊடா பக்கம் இதே அளவு வீடு 800-க்குக் கிடைத்தது. பிள்ளை பார்க்க 500 கேட்டார்கள். எனக்கு இது சொர்க்கம்: படகில் ஏறினால் கால் மணி நேரத்தில் ஜார்ஜ்டவுன். 2023 ஆகஸ்டில் புதிய படகுகள் வந்தபின் காத்திருப்பும் குறைந்திருக்கிறது. படகுக்கு மாதம் 90 ஒதுக்கினேன். கணவருக்குத்தான் தொல்லை. பினாங்குப் பாலத்தில் காருக்கு ஒரு தடவை 5.74 வெள்ளி; நல்லவேளை, தீவுக்குள் நுழையும்போது மட்டும்தான் வாங்குகிறார்கள். மாதம் 22 நாளுக்கு 126 வெள்ளி, பெட்ரோல் 183. கூட்டினால் ஏறக்குறைய 1,700. மோட்டார் சைக்கிளில் போனால் 2019 முதல் இரண்டு பாலங்களிலும் கட்டணமே இல்லை. இன்னும் இருநூறு வெள்ளிக்கு மேல் குறையும். ஆனால் பதின்மூன்றரைக் கிலோமீட்டர் பாலத்தில் மழைக்காற்று பக்கவாட்டில் அறைவதை ஒருமுறை அனுபவித்தவர் அந்த இருநூறு வெள்ளியைப் பற்றிப் பேசமாட்டார். அவர் பேசவில்லை.

இனி நிபோங் தெபால். ஆசை காட்டிய ஊர் இதுதான் என்பதால் இங்கேதான் எங்கள் கண் மறைந்தது.

கிரியான் ஆற்றை ஒட்டிய ஊர். சுற்றிலும் ஒருகாலத்தில் தோட்டங்கள். லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, வெளியேறிய குடும்பங்கள் இன்று தாமான்களில் (வீடமைப்புக் குடியிருப்புகளில்) இருக்கின்றன. ஒரு மாடித் தரை வீடு, மூன்று அறை, முன்னால் கார் நிறுத்த இடம், பின்னால் முருங்கை வைக்க மண்: வாடகை 750. முன்பணமே பெரிய வித்தியாசம். வழக்கப்படி இரண்டு மாத வைப்பு, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று மூன்றரை மாதத் தொகை கட்ட வேண்டும். புது வாடகைக்கு ரெலாவில் 3,850, இங்கே 2,625. மகனை அத்தை, அதாவது என் மாமியார், பார்த்துக்கொள்வார். கைச்செலவுக்கு 200 கொடுத்தால் வாங்காமல் சண்டை போடுவார், பிறகு வாங்கிக்கொள்வார். கணவருக்குக் கம்பெனி பஸ் இருக்கிறது, செலவில்லை. கூட்டினால் 950! அன்றிரவு இருவரும் பேனாவை வைத்துவிட்டுத் தேநீர் போட்டோம்.

தேநீர் ஆறுவதற்குள் ஒரு வரி விட்டுப்போனது நினைவுக்கு வந்தது. அது என் சம்பளம்.

நிபோங் தெபாலிலிருந்து ஜார்ஜ்டவுனுக்குக் கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த் வந்து படகு பிடிக்கலாம். ஒரு ரயிலை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் நிற்க வேண்டும். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஒன்பது மணி அலுவலகத்துக்கு அது ஒத்துவரவில்லை. உள்ளூரில் கேட்ட இரண்டு இடங்களிலும் குறைந்தபட்சச் சம்பளமான 1,700-ஐத்தான் சொன்னார்கள். ஆக எனக்கு 900 வெள்ளி இழப்பு. அதை அந்தப் பத்தியில் எழுதினால் மொத்தம் 1,850. ரெலாவைவிட ஐம்பது வெள்ளி மலிவு, பட்டர்வொர்த்தைவிட நூற்றைம்பது அதிகம்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பாட்டி சொன்னது காய்கறிக்கடைக்கு மட்டும் பொருந்தும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஆகவே வாடகைக் கணக்கில் என் தீர்ப்பு பட்டர்வொர்த். இருவரும் சம்பாதிக்கும் வீட்டில், ஒருவர் வேலை ஜார்ஜ்டவுனில் என்றால், வேறு யோசனையே வேண்டாம். ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீடு, அந்த ஒருவருக்குக் கம்பெனி பஸ் உண்டு என்றால் நிபோங் தெபாலை எதுவும் அடிக்க முடியாது. ரெலாவ் யாருக்கு? ஷிப்டு மாறிமாறி வரும் வேலை, இரவில் பிள்ளையைத் தனியே விட முடியாத நிலை, இப்படிப்பட்டவர்களுக்கு அந்த அதிக வாடகை நியாயமே. பக்கத்துக் கெடா மாநிலத்தின் கூலிம் பக்கமும் போய்ப் பார்த்தோம். வீடு நன்றாகவே இருந்தது, ஆனால் பாலத்துக்கு வரவே பொழுது போய்விடுகிறது.

வாங்குவது என்று வந்தால் தராசு மறுபடியும் சாய்கிறது. ஆண்டு வருமானத்தில் மூன்று மடங்குக்குள் இருப்பதே கட்டுப்படியாகும் வீடு என்பது பொதுவான அளவுகோல். எங்கள் ஆண்டு வருமானம் 72,000, மும்மடங்கு 216,000. அந்த விலைக்குத் தீவில் பழைய அடுக்குமாடி வீடுதான், தரை வீடு கனவிலும் இல்லை. நிபோங் தெபாலில் பழைய ஒரு மாடி வீட்டுக்கு 250,000 சொன்னார்கள். கொஞ்சம் எட்டிப் பிடித்தால் கிடைக்கும். பத்து விழுக்காடு கையிலிருந்து போட்டு, மீதியை நான்கு விழுக்காடு வட்டியில் 35 ஆண்டுக்கு வாங்கினால் தவணை மாதம் 996 வெள்ளி. ரெலாவின் புது வாடகையைவிடக் குறைவு. முதல் வீடு வாங்குவோருக்கு 500,000 வரை முத்திரைத் தீர்வை விலக்கு இருப்பதால் இந்த வீட்டுக்கு 4,000-க்கு மேல் மிச்சம். வழக்கறிஞர் கட்டணத்துக்கு விலக்கில்லை. பத்து விழுக்காட்டுக்குச் சேமநிதியிலிருந்து எடுக்கலாம். ஆனால் அதே வீட்டை 1,700 வெள்ளிச் சம்பளக்காரர் ஒருவர் தனியாக வாங்க நினைத்தால் பன்னிரண்டு ஆண்டுச் சம்பளத்துக்கும் மேலே. அந்த ஊரிலேயே வேலை செய்பவருக்கு அந்த ஊர் வீடு எட்டவில்லை. தீவில் சம்பளம் வாங்குபவருக்குத்தான் அது மலிவு. மாநில அரசின் 42,000, 72,500 வெள்ளி வீடுகள் இப்படிப்பட்டவர்களுக்காகவே இருக்கின்றன. நாங்கள் வருமான வரம்பைத் தாண்டிவிட்டோம்.

இன்னொன்று: தொழிற்சாலைகள் நிபோங் தெபால் இருக்கும் கரையிலேயே உள்ள பத்து காவானுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. கணவர் கம்பெனியும் ஒரு பிரிவை அங்கே மாற்றப்போவதாகப் பேச்சு. மாற்றினால் நிபோங் தெபாலிலிருந்து பாலமே ஏற வேண்டாம். மறுபக்கம், பட்டர்வொர்த்தில் போய் முடியும் முத்தியாரா எல்ஆர்டி (இலகு ரயில்) தடத்தின் வேலை 2025-இல் தொடங்கி 2031-இல் முடியும் என்பது திட்டம். அதைச் சொல்லி இன்றே விலையேற்றும் தரகர் இருவரைப் பார்த்துவிட்டோம். வராத ரயிலுக்கு நான் இன்றைக்கு டிக்கெட் வாங்கத் தயாரில்லை.

அதனால் இப்போதைக்கு ராஜா ஊடாவில் ஓராண்டு வாடகை. வீடு வாங்குவது பத்து காவான் பேச்சு உறுதியான பிறகு. அத்தைக்கு வருத்தம்தான். அவரைச் சமாதானப்படுத்தப் போன வாரம் நிபோங் தெபால் போயிருந்தபோது, விடியற்காலை ஐந்து மணிக்குக் கணவர் எழுந்து கம்பெனி பஸ் நிற்கும் இடத்தைப் பார்க்கப் போனார். தரகர் "வீட்டு வாசலிலேயே பஸ்" என்று சொன்ன இடம் அது. ஓட்டுநரிடம் விசாரித்திருக்கிறார்.

"தாமானுக்குள் பஸ் வராது தம்பி. பெரிய சாலை வரைக்கும் நடந்து வரவேண்டும். இரண்டு கிலோமீட்டர் இருக்கும்."