காரோ-கானோடு மூன்று வருடம்

செஸ்ஸில் கறுப்புக் காய்களோடு நான் ஆடிவந்த நைடோர்ஃப் திறப்பை 2022 மின்வெட்டுக் காலத்தில்தான் விட்டேன். அதற்கு முன் ஒரு வருடம் அதையே கட்டிக்கொண்டு அழுதேன். சிப்பாயை ஏ6 கட்டத்துக்குத் தள்ளும்வரை சுகம். அப்புறம் வெள்ளை ஆடுகிறவன் பிஷப்பை ஜி5-க்கு எடுக்கிறானா, ஈ3-க்கா, சி4-க்கா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கொப்பி நிரம்பும். ஹட்டனில் அடைமழை, சிக்னல் இல்லை, கரண்டும் இல்லை, மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு இருபதாவது நகர்த்தல்வரை பாடமாக்க நான் என்ன சாதாரண தரப் பரீட்சையா எழுதப்போகிறேன்?

சரி என்று, வெள்ளை ஈ4 ஆடினால் சி6 (இதுதான் காரோ-கான்), டி4 ஆடினால் டி5, அடுத்து சி4 வந்தால் அதற்கும் சி6 (இது ஸ்லாவ்) என்று மாறினேன். காரோ-கான், ஸ்லாவ் இரண்டிலும் சிப்பாய்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பதால் ஒன்றில் வாங்கிய அடி மற்றதிலும் உதவுகிறது. லண்டன் என்ற திறப்பை வெள்ளையில் ஆடுகிறவர்களுக்கு மட்டும் இரண்டாவது நகர்த்தலிலேயே சி5. லிச்செஸ் என்ற செஸ் தளத்தில் இவற்றைக் குறித்துவைக்கும் ஒரு ஸ்டடிக்கு 64 அத்தியாயம் போடலாம், அதுவும் இலவசம். எனக்கு இருபதே போதுமாக இருந்தது.

ஆனால் "பாதுகாப்பான திறப்பு" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். முதல் வருடம் கண்டியில் ஒரு போட்டிக்கு விடியற்காலை பஸ் பிடித்துப் போய், ஆறே நகர்த்தலில் தோற்றேன். டி5-ல் இருந்த சிப்பாயால் ஈ4-ஐ வெட்டினேன், எதிராளி குதிரையால் வெட்டினான், நான் குதிரையை டி7-க்கு எடுத்தேன், அவன் ராணியை ஈ2-ல் வைத்தான். யோசிக்காமல் மற்றக் குதிரையை எஃப்6-க்குத் தூக்கினேன். டி6-ல் குதிரை, மேட். ஈ7 சிப்பாயால் வெட்டவும் முடியாது, அது நகர்ந்தால் ஈ2 ராணிக்கு நேரே ராஜா நிற்கிறதே! எதிரே இருந்த பையனுக்குப் பன்னிரண்டு வயதுகூட இருக்காது. பிளேன்டீ வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த சுற்று வரும்வரை மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு அடி, காரோ-கானின் அட்வான்ஸ் கிளையில். மூன்றாவது நகர்த்தலில் வெள்ளை ஈ5, நான் பிஷப் எஃப்5, எதிராளி எச்4. வழக்கம்போல ஈ6 ஆடினால் ஜி4, பிறகு எஃப்3, எச்5 என்று துரத்திப் பிஷப்பையே பிடித்துவிடுகிறார்கள். அதனால் எச்4 வந்தால் கண்ணை மூடிக்கொண்டு எச்5. ஸ்லாவிலும் அவசரப்பட்டு அதே பிஷப்பை வெளியே எடுத்தால் வெள்ளை டி5-ல் வெட்டிவிட்டு ராணியை பி3-க்குக் கொண்டுவந்து பி7-ஐக் குறிவைக்கும், முதலில் சி4 சிப்பாயை வெட்டிக்கொள்ளுங்கள்.

குறை என்றால், காரோ-கானில் வெள்ளை டி5-ல் சிப்பாயை வெட்டி மாற்றிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் கிளைதான். சப்பென்று இருக்கும், சமநிலைக்குத்தான் ஆடுகிறான் என்று நினைத்து அசட்டையாக ஆடுவேன். 1970-ல் பெல்கிரேடில் அமெரிக்க வீரர் ஃபிஷர், முன்னாள் உலகச் சாம்பியன் பெட்ரோசியனையே இதே எக்ஸ்சேஞ்சில் வென்றார் என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது ராணிப் பக்கம் பி5 தள்ளித் தாக்கப் பழகிவருகிறேன். மூன்றாவது நகர்த்தலில் வெள்ளை எஃப்3 ஆடினால் மட்டும் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. ஈ6 ஆடிவிட்டு, என்ன வருகிறதென்று பார்க்கிறேன்.