கலிஃபோர்னியா பரோல் வாரியம்: விசாரணை நன்று, குறையெல்லாம் முன்னும் பின்னும்

நம் ஊரில் பரோல் என்றால் கல்யாணத்துக்கோ சாவுக்கோ கிடைக்கும் சில நாள் விடுப்பு. கலிஃபோர்னியாவில் அது விடுதலை. '15 ஆண்டு முதல் ஆயுள் வரை' என்று தண்டனை பெற்றவர், குறைந்தபட்சக் காலம் முடிந்தபின் கண்காணிப்பின் கீழ் வெளியே போகலாமா என்று பரோல் விசாரணை வாரியம் முடிவு செய்கிறது. கைதி, பாதிக்கப்பட்டவரின் குடும்பம், பொதுமக்கள் ஆகிய மூவருக்குமான பொதுச் சேவையாக இதை எடைபோட்டால், விசாரணைக்கு நல்ல மதிப்பெண் தரலாம். அதற்கு முந்தைய தயாரிப்புக்கும் பிந்தைய அரசியலுக்கும் தர முடியாது.

ஆளுநர் நியமித்து மாநில செனட் உறுதிசெய்யும் கமிஷனர்கள் 21 பேர். பதவிக்காலம் 3 ஆண்டு. ஒவ்வொரு அமர்விலும் பெரும்பாலும் ஒரு கமிஷனரும், அரசுப் பணியில் இருக்கும் ஒரு துணை கமிஷனரும் உட்காருவார்கள். இருவரும் ஒத்துப்போகாவிட்டால் விஷயம் முழு வாரியத்துக்கும் போகும். 2020-இல் தொடங்கி விசாரணைகள் காணொளியில் நடக்கின்றன. தொலைவில் இருக்கும் குடும்பத்தாருக்கு இது பெரிய உதவி.

பார்ப்பவருக்கு இந்த வேலை கேள்வி கேட்பதாகத் தெரியும். உண்மையில் பாதி வேலை கோப்பு வாசிப்பதில் முடிகிறது. இளமைப் பருவம், குற்றம், அதன்பின் சிறையில் நடந்துகொண்ட விதம், வெளியே போனால் எங்கே தங்குவார், எப்படிப் பிழைப்பார் என்ற வரிசையில் கேள்விகள் வரும். சிறை விதி மீறல் அறிக்கையைக் கைதிகளும் அலுவலர்களும் '115' என்றே சொல்வார்கள். சிறு எச்சரிக்கைக் குறிப்பு '128-ஏ'. நல்ல கமிஷனர் 115-களின் எண்ணிக்கையோடு நிற்கமாட்டார். கடைசி 115 எப்போது, அது வன்முறையா, கைபேசியா, போதைப்பொருளா, அதற்கும் பழைய குற்றத்துக்கும் ஒரே வேர்தானா என்று தோண்டுவார். அப்படித் தோண்டாத விசாரணையின் முடிவு எதுவானாலும் அதை நம்புவது கடினம்.

சட்டம் கேட்கும் கேள்வி ஒன்றே: இவர் இன்று பொதுமக்களுக்கு ஆபத்தானவரா? 2008-இல் மாநில உச்ச நீதிமன்றம் லாரன்ஸ் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. பரோலை மறுக்க, குற்றம் கொடூரமானது என்பது மட்டும் போதாது, அது இன்றைய ஆபத்தைக் காட்டுகிறதா என்று சொல்லியாக வேண்டும். அதே நாளில் வந்த ஷபூட்டிஸ் தீர்ப்பு, தன் குற்றத்தின் காரணங்களைக் கைதி உணராமல் இருப்பதையும் ஆபத்தின் அடையாளமாகக் கொள்ளலாம் என்றது. அப்படிக் காரணங்களை உணர்ந்திருப்பதைத்தான் எல்லோரும் 'இன்சைட்' என்கிறார்கள். மறுப்புகள் பலவும் இந்த இடத்தில்தான் விழுகின்றன.

'நான் மாறிவிட்டேன்' என்பது பதில் ஆகாது. எந்தக் கோபம், எந்தப் பழக்கம், எந்த முடிவு தன்னை அந்த இரவுக்குக் கொண்டுபோனது, அதே நிலை நாளை வந்தால் யாரை அழைப்பார் என்று சொல்ல வேண்டும். போதைக்கு மீண்டும் திரும்பாமல் இருக்க எழுதிய திட்டம், தேதியும் கையெழுத்தும் உள்ள தங்குமிடக் கடிதம், ஆதரவுக் கடிதங்கள் எல்லாம் கோப்பில் இருக்க வேண்டும். பழைய தேதிக் கடிதத்துக்கு மதிப்புக் குறைவு. குற்றத்தைப் பற்றிப் பேச மறுக்கும் உரிமை கைதிக்கு உண்டு, ஒப்புக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தவும் முடியாது. ஆனால் பேசாமல் இன்சைட்டைக் காட்டுவது எப்படி? இந்த முரண் இன்றுவரை தீரவில்லை. பேச்சுத் திறன் குறைந்தவர்களும் படிப்பில்லாதவர்களும் இதில் அநியாயமாகப் பின்தங்குகிறார்கள். வாரியம் முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான்.

விசாரணைக்கு முன்பே வாரியத்தின் உளவியலாளர் கைதியை நேர்கண்டு, அபாயம் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று அறிக்கை தருவார். 'அதிகம்' என்று வந்தால் மீள்வது அரிது. அறிக்கையில் உண்மைப் பிழை இருந்தால் விசாரணை நாளில் வாதிடுவதற்குக் காத்திருக்காமல், முன்கூட்டியே எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். வசதியில்லாதவருக்கு அரசே வழக்கறிஞரை அமர்த்தும். ஆனால் கட்டணம் வழக்குக்கு இவ்வளவு என்று நிலையானது என்பதால், கைதியோடு பலமுறை உட்கார்ந்து பேசும் வழக்கறிஞருக்கும் ஒரே முறை பேசுபவருக்கும் ஊதியம் ஒன்றுதான். தயாரிப்பில் உள்ள பெரிய ஓட்டை இது.

குற்றம் செய்தபோது 26 வயது ஆகாதவர்களுக்கு இளம்பருவ முதிர்ச்சியின்மையைப் 'பெரும் எடை' கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். 50 வயது கடந்து, தொடர்ந்து 20 ஆண்டு சிறையில் கழித்தவர்களுக்கு முதியோர் பரோல் வழியும் உண்டு, சில விலக்குகளோடு. இரண்டுமே பாராட்டத்தக்கவை.

பாதிக்கப்பட்டவர் குடும்பத்துக்கு 90 நாள் முன்பே அறிவிப்பு தர வேண்டும். அவர்கள் கலந்துகொண்டு பேசலாம். கைதி எழுதும் மன்னிப்புக் கடிதத்தை நேரே அவர்களுக்கு அனுப்பக் கூடாது. அதற்கென உள்ள அலுவலகம் வாங்கி வைத்து, அவர்கள் விரும்பினால் மட்டுமே தரும். இந்த ஏற்பாடு பண்பானது.

அமர்வு 'தகுதியானவர்' என்று சொன்னாலும் கதவு உடனே திறக்காது. வாரியத்தின் உள் பரிசீலனைக்கு 120 நாள் வரை ஆகும். கொலை வழக்கானால் அதன்பின் முடிவை ரத்து செய்யவோ மாற்றவோ ஆளுநருக்கு 30 நாள். 1988-இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த அதிகாரம் இது. 1969 மேன்சன் கும்பல் கொலைகளில் தண்டனை பெற்ற லெஸ்லி வான் ஹவுட்டன் 2016 முதல் ஐந்து முறை வாரியத்தால் தகுதியானவர் எனப்பட்டார். ஐந்து முறையும் ஆளுநர்கள் ரத்து செய்தார்கள். கடைசி ரத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியபிறகே 2023 ஜூலையில் வெளியே வந்தார். பல மணி நேரம் ஒருவரை நேருக்கு நேர் கேட்டு எடுத்த முடிவை, அவரைப் பார்க்காத ஒருவர் காகிதத்தின்மேல் மாற்றுவது இந்தச் சேவையின் ஆகப் பெரிய குறை.

வாரியம் மறுத்தால் அடுத்த விசாரணை 3, 5, 7, 10 அல்லது 15 ஆண்டு கழித்து. பாதிக்கப்பட்டவர் உரிமைக்காக 2008-இல் வந்த மார்சி சட்டப்படி 15 ஆண்டிலிருந்துதான் கணக்குத் தொடங்கும், குறைக்கக் காரணம் வேண்டும். சூழ்நிலை மாறியிருந்தால் முன்கூட்டியே விசாரிக்கும்படி மனுப் போடலாம். அந்த மனு தள்ளுபடியானால் அடுத்ததற்கு 3 ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பதால், புதிய சான்றிதழோ மதிப்பீடோ கையில் வராமல் போடக் கூடாது.

இந்த வாரியத்தில் மனதார மெச்ச வேண்டியது எழுத்துப்படி. விசாரணையில் பேசியது அனைத்தும் பதிவாகி, 30 நாளுக்குள் எழுத்தாகி, பொதுமக்கள் யார் கேட்டாலும் கிடைக்கிறது. தயாராகும் கைதியின் குடும்பம் தம்மவர் வழக்கைப் போன்ற இரண்டு மூன்று எழுத்துப்படிகளை வாங்கி, முதலில் கடைசிப் பக்கங்களில் உள்ள தீர்மானத்தைப் படித்துவிட்டு, பிறகு அந்தத் தீர்மானத்துக்குக் காரணமான கேள்விகளைப் பின்னோக்கித் தேடிப் படிக்கலாம்.