கொட்டர் பின்னா, சதுர அச்சா, குழாய் அச்சா: கிராங் மாற்றும்போது எது பொருந்தும்?

பெடலைத் தாங்கும் கைதான் கிராங்; அது தேய்ந்துவிட்டது, புதிது வாங்கிப் பூட்டினால் சரி என்றுதான் நானும் நினைத்தேன். என்னுடையது பழைய ஜப்பான் மவுண்டன் சைக்கிள், கிராங் உட்காரும் அச்சின் நுனி சதுரம், அதாவது சதுர அச்சு, நீளம் 113 மில்லிமீட்டர். வாங்கி வந்ததோ 122.5 அச்சுக்கென்று செய்த, மூன்று செயின்வீல் உள்ள கிராங். பூட்டி இறுக்கியதும் உள் செயின்வீல் பின்பக்கப் பிரேம் குழாயோடு உரசிக்கொண்டு நின்றது. கடைக்காரரில் பிழை சொல்ல முடியாது, அளவு சொல்லாமல் வாங்கியது நான்தான். அன்றைக்குத்தான் விளங்கியது, கிராங்கைத் தேடுவதற்கு முன் அது உட்காரும் அச்சையும் அந்த அச்சு போகும் கூட்டையும் (பிரேமின் அடியில் இருக்கும் குறுக்குக் குழாய்) பார்க்க வேண்டும் என்று.

எங்கள் மட்டக்களப்புப் பக்கம் ஓடும் சைக்கிள்களில் பெரும்பாலும் மூன்று வகைதான் வரும்.

முதலாவது கொட்டர் பின். இங்கிலாந்து றலி (Raleigh) மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் பழைய சைக்கிள்களில் இருப்பது. கிராங்கை அச்சோடு பிடித்து வைப்பது ஒரு பக்கம் சரிவாகச் சீவிய சின்னப் பின். தேய்ந்தால் மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்' கேட்கும். பெரும்பாலும் பின்னை மாற்றினாலே போதும், கிராங்கைத் தொட வேண்டியதில்லை. ஆனால் பின்னிலும் அளவு உண்டு, இங்கிலாந்து சைக்கிள்களுக்குப் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர், வேறு நாட்டுச் சாமான்களில் 9. சின்னதைப் போட்டால் நட்டு இறுகும், பின் இறுகாது. இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பெடலும் ஒரே கோட்டில் வராது, சைக்கிள் நொண்டும். கழற்றும்போது கிராங்குக்குக் கீழே ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து அடியுங்கள். வெறுமனே சுத்தியலால் அடித்தால் அந்த அடி முழுவதும் உள்ளே இருக்கும் போல்ஸுக்குத்தான் (பெயாரிங் குண்டுகளுக்கு) போகும்.

இரண்டாவது சதுர அச்சு, என் ஓட்டு இதற்குத்தான். போல்ஸும் கிறீஸும் மூடிய கார்ட்ரிஜ் வடிவில் வாங்கலாம், மார்கழி மழையில் படுவான்கரை வயல் வழியாகத் தண்ணீருக்குள் விட்டு ஓட்டினாலும் திறந்த போல்ஸ் மாதிரிச் சீக்கிரம் துருப்பிடிக்காது. இதில் சிக்கல் மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று கூட்டின் அகலம், 68 அல்லது 73 மில்லிமீட்டர், கார்ட்ரிஜும் அதே அளவில் இருக்க வேண்டும். அடுத்தது அச்சின் நீளம், நான் மாட்டிக்கொண்டது இதில்தான். மூன்றாவது பலருக்குத் தெரியாதது: சதுரம் எல்லாம் ஒரே சதுரமில்லை. ஜப்பான் முறை, ஐஎஸ்ஓ முறை என்று இரண்டு உண்டு, சரிவு ஒன்றுதான், நுனியின் பருமன்தான் வேறு. ஐஎஸ்ஓ கிராங்கை ஜப்பான் அச்சில் போட்டால் கிட்டத்தட்ட 4.5 மில்லிமீட்டர் வெளியே நின்றுவிடும். ஜப்பான் கிராங்கை ஐஎஸ்ஓ அச்சில் போட்டால் கிராங் அளவுக்கு மிஞ்சி உள்ளே போய், இறுகும் முன்பே போல்ட் அச்சு நுனியில் முட்டிவிடும். அப்படியே ஓட்டினால் அலுமினியக் கிராங்கின் ஓட்டை வட்டமாகிவிடும், அதற்கு வைத்தியமே இல்லை. ஜப்பான் கம்பனி ஷிமானோவின் சதுர அச்சு என்றால் ஜப்பான் முறை என்று நம்பி வாங்கலாம்.

மூன்றாவது 24 மில்லிமீட்டர் குழாய் அச்சு, அச்சே வலது கிராங்கோடு சேர்ந்து வரும், பெயாரிங் கூட்டுக்கு வெளியே இருக்கும். இலேசானது, கழற்றுவதும் பூட்டுவதும் சுகம், மிதிக்க விறைப்பாக இருக்கும், எல்லாம் உண்மை. ஆனால் மவுண்டன் கிராங்கை 68 கூட்டில் போட்டால் 2.5 மில்லிமீட்டர் வளையங்கள் சரியான பக்கத்தில் வைக்க வேண்டும், கூட்டின் இரு முகமும் சமமாக இல்லாவிட்டால் பெயாரிங் அவதிப்படும், அதோடு கல்லடிக் கடற்கரை மணலும் உப்புக் காற்றும் நேரே படுவது அங்கேதான். மேடே இல்லாத ஊரில், பாலத்தில் ஏறுவதுதான் எங்களுக்கு மலை, அந்த விறைப்புக்கு இவ்வளவு காசு தேவையா என்று எனக்குப் படவில்லை. ரேஸ் ஓடுபவர் என்றால் வேறு கதை.

எதைப் போட்டாலும் செயினையும் பாருங்கள். கியர் இல்லாத சைக்கிளின் 1/8 அங்குலச் செயின் மெல்லிய பல்லிலும் ஓடும், கியர் சைக்கிளின் 3/32 செயின் தடித்த பல்லில் உட்காரவே உட்காராது. பெடல் புரி பெரும்பாலும் 9/16 அங்குலம். கிராங்கும் அச்சும் ஒரே துண்டாக வளைத்துச் செய்த சைக்கிள்களில் மட்டும் அரை அங்குலம், அதன் கூடும் பெரிது, புரியே இல்லாதது.

கூட்டைக் கழற்றும்போது வலது பக்கக் கப் (பெயாரிங்கைப் பிடித்து வைக்கும் புரி போட்ட மூடி) பெரும்பாலும் எதிர்ப் புரி, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் எத்தனை பேர் நீளச் சாவி போட்டுத் தொங்கியிருப்பார்கள்.

போன கிழமை மச்சான் ஒருவர் தன் அப்பாவின் றலிக்குக் குழாய் அச்சு போடலாமா என்று கேட்டார். அந்த இங்கிலாந்துக் கூட்டில் அங்குலத்துக்கு 26 புரி, இப்போது விற்கும் கப் எல்லாம் 24 புரி, விட்டம் ஒன்றுதான் என்பதால் முதல் இரண்டு சுற்று ஏறும், பிறகு புரியைத் தின்றுவிடும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டு கொட்டர் பின் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.