கேரவனா, மோட்டார் ஹோமா? விக்டோரியாவின் தங்க ஊர்களைச் சுற்ற எது தோது?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1851-இல் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும் மளமளவென்று எழும்பிய ஊர்கள் பல. பேலரட், காசில்மெய்ன், மால்டன், பெண்டிகோ, பீச்வொர்த் எல்லாம் அந்த வகைதான். இவற்றை வீட்டையும் கூடவே கொண்டுபோய்ச் சுற்றுவதென்றால், காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் கேரவனா, எஞ்சினும் வீடும் ஒன்றாகவே இருக்கும் மோட்டார் ஹோமா என்பதுதான் கேள்வி. நாங்கள் மோட்டார் ஹோமை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு பழைய கேரவன் ஒன்றை விலைக்கு வாங்கினோம். ஆகவே இந்த அலசல் கேரவன் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி இரண்டிலும் உண்டு. கேரவனை இழுக்கும் கார் எரிபொருளைக் கூடுதலாகவே குடிக்கும். ஓடும் கேரவனுக்குள் யாரும் உட்காரக் கூடாது என்பது சட்டம். மோட்டார் ஹோமில் பிள்ளைகள் பெல்ட் போட்டுக்கொண்டு பின்னாலேயே வரலாம். மழையில் வண்டியை நிறுத்தி, நனையாமல் எழுந்துபோய்த் தேநீர் போடலாம். அந்தச் சுகத்துக்குக் கேரவனில் ஈடு கிடையாது.

என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று: வீட்டைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியை மட்டும் எடுத்துப் போக முடியுமா, முடியாதா?

இந்த ஊர்கள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன; ஒரு கொத்துக்குள் அடுத்தடுத்து. காசில்மெய்னிலிருந்து மால்டன் 20 கிலோமீட்டருக்குள். பெண்டிகோ சுமார் 40 கிலோமீட்டர். பீச்வொர்த்தில் தங்கினால் யாக்கன்டாண்டா என்ற இன்னொரு தங்க ஊர் பக்கத்தில்தான். 1880-இல் பிரபல கொள்ளைக்காரன் நெட் கெல்லியைப் போலீசார் சுற்றிவளைத்துப் பிடித்த கிளென்ரோவனுக்கும் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதே ஆண்டு அவன் நிறுத்தப்பட்ட நீதிமன்றம் பீச்வொர்த்திலேயே இருக்கிறது. ஆக, தினமும் வீட்டை இடம் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஓரிடத்தில் நான்கைந்து நாள் தங்கி, காரில் சுற்றிவிட்டு இரவில் திரும்பினால் போதும். பீச்வொர்த்தில் அதற்குத் தோதான இடம், பழைய தங்கச் சுரங்கப் பள்ளத்தில் உருவான சாம்பெல் ஏரியின் கரை.

மோட்டார் ஹோமில் இது நடக்காது. காலையில் பால் வாங்கப் போவதற்குக்கூட மின்கம்பியைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயைச் சுருட்டி, கழுவாத பாத்திரங்களை ஒதுக்கி, அலமாரிகளைத் தாழிட்டு முழு வீட்டையும் கிளப்ப வேண்டும்.

அதைவிடப் பெரிய தொல்லை ஊருக்குள் காத்திருக்கிறது. மால்டனின் அழகே கடைகளின் முன்னால் தெரு விளிம்பு வரை நீளும் தாழ்வாரங்கள்தான். தூண்கள் நடைபாதையின் ஓரத்திலேயே நிற்கின்றன. இப்படிப்பட்ட பழைய தெருக்களில் நடுப்பகுதி உயர்ந்து, ஓரம் வாய்க்காலை நோக்கிச் சரியும். மூன்று மீட்டருக்கு மேல் உயரமான மோட்டார் ஹோமை அங்கே ஓரம் கட்டினால், இடப்பக்கச் சக்கரங்கள் சரிவில் இறங்க, கூரையின் மூலை தாழ்வாரத் தகரத்தை நோக்கிச் சாயும். கீழே சக்கரத்துக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். மேலே நான்கு விரல் இருந்தால் அதிகம். பக்கக் கண்ணாடியில் தெரிவதோ கீழே இருப்பது மட்டும். கூரைச் சேதத்துக்குக் காப்பீடு செல்லாது என்ற வரி பல வாடகை ஒப்பந்தங்களில் உண்டு. மண் சாலையில் ஓட்டக் கூடாது என்ற வரியும் உண்டு. சூட்டன் அருகே 1887-இல் நிறுவிய, 22 மீட்டர் விட்டமுள்ள கார்ஃபீல்டு நீர்ச்சக்கரத்தைத் தாங்கிய கல் தூண்கள் புதர்க்காட்டுக்குள் நிற்கின்றன. இம்மாதிரி இடங்களுக்குச் சின்னக் கார்தான் சரி.

கேரவனுக்கும் தலைவலிகள் உண்டு, முதலாவது எடை. 750 கிலோவைத் தாண்டினால் கேரவனில் பிரேக் வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக்கும், கொக்கி கழன்றால் தானாகவே நிறுத்தும் அமைப்பும் கட்டாயம். மொத்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கிமேல் இறங்க வேண்டும். பின்பக்கம் பாரம் கூடினால் நெடுஞ்சாலையில் கேரவன் வாலாட்டத் தொடங்கும். விற்பவர் சொல்லும் காலி எடையை நம்பிக் கார் வாங்காதீர்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பினாலே லிட்டருக்கு ஒரு கிலோ ஏறிவிடும். பின்னால் எடுப்பது தனிக் கலை: ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் கேரவனின் வால் வலப்பக்கம் போகும். காலியான மைதானத்தில் பழகிவிட்டுக் கிளம்புங்கள்; கேரவன்களை நிறுத்தித் தங்கும் கேரவன் பூங்காவில் மாலை நேரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது.

பராமரிப்பைப் பற்றி அடித்துப் பேச மாட்டேன்; மோட்டார் ஹோமைச் சொந்தமாக வைத்திருந்ததில்லை. ஆனால் அதன் எஞ்சின் பழுதானால் வீடும் சேர்ந்து பட்டறைக்குப் போகும் என்பது கண்கூடு. கேரவனின் எதிரி கசிவு. பழையதை வாங்குகிறவர்கள் அலமாரிகளின் உள்மூலைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்வாங்கினால், விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பிவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்து இரண்டு வாரத்தில் திரும்புகிறவர்களுக்கு என் வாதம் பொருந்தாது. இழுக்கும் காரையும் கேரவனையும் சேர்த்து வாடகைக்குப் பிடிப்பது அலைச்சல். அவர்கள் டொயோட்டா ஹையேஸ் வேன் அளவிலான சிறிய கேம்பர்வேனை, அதாவது உள்ளே படுக்கை வசதி செய்த வேனை, கேட்டு வாங்கட்டும். தாழ்வாரத் தொல்லை பெருமளவு குறையும். மர்ரே ஆற்றங்கரையிலுள்ள எச்சூக்கா போன்ற ஊரில் எந்த வண்டியானாலும் ஒன்றுதான். படகுத்துறையையும் நீராவிப் படகுகளையும் நடந்தே பார்த்துவிடலாம். எதில் போனாலும் ஈஸ்டரில் பெண்டிகோவுக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். 1871 முதல் நடக்கும் ஈஸ்டர் திருவிழாவுக்குச் சீன டிராகன் ஊர்வலம் பார்க்கக் கூட்டம் கூடும். மின் இணைப்புள்ள இடங்கள் முன்கூட்டியே நிரம்பிவிடும்.