வேலூர் லாட்ஜில் கூகுள் வொர்க்ஸ்பேஸ்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்தில் சின்ன லாட்ஜ் நடத்துகிறோம். கையெழுத்து வாங்கும் ரெஜிஸ்டர் தவிர மற்றதையெல்லாம் கொரோனா ஓய்ந்த பிறகு கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கு (மெயில், டிரைவ், ஷீட் எல்லாம் சேர்ந்த கூகுளின் கட்டணச் சேவை) மாற்றினோம். பிசினஸ் ஸ்டார்ட்டர் திட்டம், ஆளுக்கு 30 ஜிபி. ரூம் கணக்கு ஷீட்டில், அடையாள அட்டை ஸ்கேன் டிரைவில், புக்கிங் எல்லாம் லாட்ஜ் பெயரிலேயே மெயிலில். வேலை நன்றாகவே ஓடுகிறது. ஆனால் முதல் நாள் போட்ட பாதுகாப்பு செட்டிங்ஸை அப்படியே விட்டுவிட்டால், ஆள் மாறி, போன் மாறி, ஒரு வருடத்தில் அதற்கும் லாட்ஜில் நடப்பதற்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விடுகிறது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதலில், எங்கள் டிரைவில் என்ன கிடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வங்காளம், அசாம், திரிபுரா என்று கிழக்கு, வடகிழக்குப் பக்கமிருந்து வருகிறவர்களின் ஆதார். பங்களாதேஷிலிருந்து வருகிறவர்களின் பாஸ்போர்ட், மெடிக்கல் விசா. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை (சி ஃபார்ம் என்று சொல்வது) அரசுக்கு ஆன்லைனில் ஏற்ற வேண்டும் என்பதால் பாஸ்போர்ட், விசாவை ஸ்கேன் செய்து வைக்கிறோம். சிலர் ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் சீட்டையும் சேர்த்தே நீட்டிவிடுவார்கள். யார், எந்த ஊர், எந்த டிபார்ட்மென்டில் வைத்தியம் என்பது வரை ஒரே ஃபோல்டரில் இருக்கும். 'நம்ம லாட்ஜை எவன் ஹேக் பண்ணப் போறான்' என்று காந்தி ரோட்டில் பலரும் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த ஃபோல்டரைத் திறக்க ஹேக்கரே தேவையில்லை, பழைய லிங்க் ஒன்று போதும்.

எங்களுக்கு இதை அமைத்துக் கொடுத்தவர், ரிசப்ஷனில் ஒவ்வொரு தடவையும் லாகின் செய்யும் தொல்லை வேண்டாம் என்று, 'லிங்க் வைத்திருக்கும் எவரும்' திறக்கலாம் என்ற வகையில் ஃபோல்டரைப் பகிர்ந்துவிட்டுப் போயிருந்தார். டிரைவ் தானாக அப்படிச் செய்யாது. ஏற்கெனவே பகிர்ந்த ஃபோல்டரில் போடாத வரை, நாம் செட்டிங்கை மாற்றாத வரை, புது ஃபைல் மூடித்தான் இருக்கும். புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் அந்த லிங்க் போனது. வேலையை விட்டவர்களின் போனிலும் அது இருந்தது. ஃபோல்டரை 'கட்டுப்படுத்தப்பட்டது' என்று மாற்றியதும் அந்த லிங்க் செத்துவிடும், சரி. கவனிக்க வேண்டியது இதுதான்: உள்ளே இருக்கும் ஒரு ஃபைலை யாராவது தனியாக 'லிங்க் வைத்திருக்கும் எவரும்' என்று பகிர்ந்திருந்தால், ஃபோல்டரை மூடினாலும் அது திறந்தே இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மூட வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் மொத்தத்தில் அதிகப் பலன் தந்தது இதுவே.

அடுத்து இரண்டடுக்குச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டோடு ஓடிபி போல இன்னொன்றையும் கேட்பது. கணக்குத் திருட்டில் 99.9 சதவீதத்துக்கு மேல் இது தடுத்துவிடும் என்று மைக்ரோசாஃப்ட் 2019-லேயே சொன்னது. நம்புகிறேன். ஆனால் லாட்ஜில் அதை நடைமுறைப்படுத்துவது வேறு கதை. காட்பாடியில் ஹவுரா பக்கத்து ரயில் எந்நேரத்தில் வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. நள்ளிரவில் பேஷண்டை உட்கார வைத்துவிட்டு, ஓடிபி கேட்டு முதலாளிக்குப் போன் போட்டால் எப்படி இருக்கும்? மூன்று ஷிப்டுக்கும் ஒரே கணக்கு என்பதுதான் இந்தச் சிக்கலின் வேர். ஆளுக்கொரு கணக்கு, அவரவர் போனில் பாஸ்கீ (போன் லாக்கைத் திறப்பது போலக் கைரேகையிலோ பின்னிலோ உள்ளே போவது) என்று மாற்றிய பிறகு ஓடிபி பேச்சே எழவில்லை. மாதச் செலவு கூடியது உண்மை. ஆனால் எந்த ஃபைலை யார் மாற்றினார் என்பது இப்போது பெயரோடு தெரிகிறது.

ஆள் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கை இடைநிறுத்தி வைத்தாலும் கட்டணம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மாதாமாதம் கட்டும் ஃப்ளெக்ஸிபிள் திட்டத்தில் அழித்தால் கட்டணம் நின்றுவிடும், ஆனால் அவர் பெயரில் உள்ள ஃபைல்களை அழிக்கும்போதே வேறு ஒருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அவசரத்தில் அழித்துவிட்டால் மீட்க 20 நாள் அவகாசம் உண்டு. எங்கள் வழக்கம், சம்பளக் கணக்கு தீர்க்கிற அன்று இடைநிறுத்தம், ஃபைலெல்லாம் சரிபார்த்த பிறகு அழிப்பு.

கூகுள் கணக்கோடு இணைத்த வெளிச் செயலிகளின் பட்டியலையும் திறந்து பாருங்கள். எப்போதோ போட்டுப் பார்த்த இலவச ஸ்கேனர் செயலி ஒன்று எங்கள் டிரைவ் முழுவதையும் பார்க்கும் அனுமதியோடு அங்கேயே உட்கார்ந்திருந்தது. பாஸ்வேர்டை மாற்றினால் இது போய்விடும் என்று நினைக்க வேண்டாம். டிரைவ் அனுமதியைத் தனியாகப் போய்த்தான் திரும்பப் பெற வேண்டும்.

ஆம்பூரில் ஷூ அப்பர் ஜாப் ஒர்க் செய்யும் உறவினர் ஒருவருக்கு லிங்க் தொல்லை கிடையாது. அவருக்கு மெயில்தான் ஆபத்து. பணம் வர வேண்டிய பேங்க் அக்கவுண்ட் நம்பர் எல்லாம் அங்கேதான் பரிமாறப்படுகிறது. உள்ளே நுழைந்தவன் பாஸ்வேர்டை மாற்ற மாட்டான். வரும் மெயிலை மறைக்கும் ஒரு ஃபில்டரோ, தன் முகவரிக்குத் தானாக அனுப்பும் ஃபார்வர்டிங்கோ சத்தமில்லாமல் போட்டுவிட்டு, இன்வாய்ஸில் அக்கவுண்ட் நம்பரை மாற்றிவிடக் காத்திருப்பான். அதனால் அவரை அந்த இரண்டையும் மாதாமாதம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அப்படிப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

'கூகுள் பார்த்துக்கொள்ளாதா?' என்று கேட்பவர்களுக்கு: சர்வரை அவர்கள் காப்பார்கள். எந்த ரூம் சாவியை யாரிடம் கொடுத்தோம் என்பது நம் பாடு. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு வைக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடமிருக்கிறது. சின்ன லாட்ஜுக்கு அந்த உச்சவரம்பைப் போட மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் பொறுப்பு நம்முடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால் இப்போது, கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் கொடுத்தால் மறுப்பதில்லை. பழைய ஸ்கேன்களை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று ஆடிட்டரிடமும் ஸ்டேஷனிலும் கேட்டு, அதைத் தாண்டியவற்றை அழிக்கிறோம்.

இன்னும் தீராத ஒன்று வாட்ஸ்அப். ரயிலில் வரும்போதே ஆதாரைப் படமெடுத்து ரிசப்ஷன் நம்பருக்கு அனுப்பிவிடுகிறார்கள்; வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. அந்தப் போனில் படங்கள் கேலரியில் சேராதபடி நிறுத்தி, மெசேஜ் 24 மணி நேரத்தில் மறையும்படி வைத்திருக்கிறோம். ஆனால் நைட் ஷிப்டில் இருப்பவர் அவசரத்துக்குத் தன் சொந்த போனுக்கு ஃபார்வர்டு செய்துகொண்டால் அதைத் தடுக்கும் செட்டிங் எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை. வேறு லாட்ஜ்காரர்கள் இதற்கு ஏதாவது வழி வைத்திருந்தால் சொல்லுங்கள்.